மார்க்கர்மீர் ஏரியில் கிடந்த ஸ்டர்லிங்: ஏழு பேருடன் ஒரு விமானம் 77 ஆண்டுகள் எப்படிக் காணாமல் போகும்?

2020 ஆகஸ்ட் கடைசியில், நெதர்லாந்தின் அல்மேர் நகரையொட்டிய மார்க்கர்மீர் ஏரியின் அடியிலிருந்து ஒரு குண்டுவீச்சு விமானத்தின் சிதைவுகளை அள்ளத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் ஷார்ட் ஸ்டர்லிங் ரகம், பதிவெண் பிகே 716. 218ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த அந்த விமானம் 1943 மார்ச் 29 இரவு இங்கிலாந்தின் டௌனம் மார்க்கெட் தளத்திலிருந்து பெர்லினைத் தாக்கக் கிளம்பியது. திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் சில கேள்விகள் எழுகின்றன. நான்கு எஞ்சின் கொண்ட அவ்வளவு பெரிய விமானம் எப்படித் தொலையும்? போர் முடிந்ததும் யாரும் தேடவில்லையா? கிடைத்த பிறகும் ‘இது எந்த விமானம்’ என்பதில் ஏன் அத்தனை தடுமாற்றம்?

தேடாமல் இல்லை, மிகத் தீவிரமாகவே தேடினார்கள். ஆனால் இரவுத் தாக்குதல் நடத்தப்பட்ட முறையிலேயே தொலைந்துபோவதற்கான வழி இருந்தது. எதிரியின் கண்ணில் படாதிருக்கத் தேர்ந்த இருட்டு, சொந்தப் படையின் கண்ணிலிருந்தும் விமானத்தை மறைத்தது. அதைப் புரிந்துகொள்ள, ஏன் இரவில் பறந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் இரவு?

போரின் தொடக்கத்தில் பிரிட்டன் பகலில்தான் குண்டு வீசப் போனது. 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் விரிகுடாப் பகுதிக்குப் போன 22 வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களில் 12 அழிந்தன. துணைக்குப் போர் விமானம் இல்லாமல் பகலில் போனால் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை இரவுக்கு மாறியது.

மாறியதும் அடுத்த சிக்கல் வந்தது. இருட்டில் இலக்கு தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் வந்த ‘பட் அறிக்கை’ என்ற அரசு ஆய்வு, விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதன் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது போயிருந்தது என்றது. தனித் தொழிற்சாலையைக் குறிவைக்க முடியாதென்றால் நகரத்தையே குறிவைப்பது என்ற முடிவு 1942 பிப்ரவரியில் உத்தரவாக வந்தது. விளைவு தெரிந்ததே. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்கில் சில இரவுகளில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விமானக் குழுக்களின் கதையைச் சொல்லும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அதே சமயம் இந்தக் கட்டுரையின் பொருள் குழுக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான்.

இங்கே பலர் தவறாக எண்ணிக்கொள்ளும் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான விமானங்கள் போயின என்றதும், அவை அணிவகுத்துப் பறந்ததாகத் தோன்றும். அமெரிக்கர்கள் பகலில் அப்படித்தான் பறந்தார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் அப்படி இல்லை. ஒரே தடம், ஒரே நேர அட்டவணை. ஆனால் ஒவ்வொன்றும் விளக்கை அணைத்துக்கொண்டு, வானொலியில் பேசாமல், தனியாகப் பறந்தது. பக்கத்தில் இன்னொரு விமானம் இருந்தாலும் தெரியாது. ஒன்று விழுந்தால், அது எது என்று சொல்ல யாரும் இல்லை.

ஏழு பேர் யார், கணக்கு என்ன சொல்கிறது?

பிரிட்டனின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு ரகங்களான ஸ்டர்லிங், ஹாலிபாக்ஸ், லங்காஸ்டர் மூன்றிலும் வழக்கமாக ஏழு பேர்: விமானி, நேவிகேட்டர் (வழி கணிப்பவர்), குண்டு வீசுபவர், வானொலி இயக்குபவர், விமானப் பொறியாளர், முதுகுப்புறத் துப்பாக்கி வீரர், வால்புறத் துப்பாக்கி வீரர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் பிரிட்டிஷ்காரர்களோடு ஒரே குழுவில் கலந்திருந்தார்கள்.

(நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி: இந்தப் படையின் 35ஆம் ஸ்குவாட்ரனுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றும், 102ஆம் ஸ்குவாட்ரனுக்கு ‘சிலோன்’ என்றும் பெயர். அந்தந்தப் பகுதிகளிலிருந்து போன போர் நிதிக்காகச் சூட்டப்பட்ட பெயர்கள் அவை. அங்குள்ளவர்கள் ஓட்டினார்கள் என்று பொருளில்லை.)

ஒரு குழு முடிக்க வேண்டிய முதல் சுற்றுப் பணி என்பது 30 தாக்குதல்கள். பிகே 716 போன இரவில் பெர்லினுக்குப் போனவை 329 விமானங்கள். திரும்பாதவை 21, அதாவது 6.4 சதவீதம். காற்றின் கணிப்பு தவறியிருந்தது, இறக்கைகளில் பனி உறைந்தது. குண்டுகளில் பெரும்பகுதி நகருக்குத் தென்கிழக்கே வெட்டவெளியில் விழுந்தது.

ஆறு சதவீதம்தானே என்று தோன்றலாம். இழப்பு ஒவ்வோர் இரவும் 4 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாக்குதலில் பிழைக்கும் வாய்ப்பு 96 சதவீதம். அதை 30 முறை பெருக்கினால் 29 சதவீதம் வரும். நூறு குழுக்கள் தொடங்கினால் 29 குழுக்கள் முடிக்கும். பெர்லின் இரவின் 6.4 சதவீதமே நீடித்தால் 14 குழுக்கள்கூட மிஞ்சாது. 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்குக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அந்தப் படைக்கு அதைவிட மோசமான இரவு வேறில்லை. போர் முழுவதும் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

1943 மார்ச்சில் ஒரு விமானம் எப்படி வீழ்த்தப்பட்டது?

டென்மார்க்கிலிருந்து பிரான்ஸ் வரை, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் மேலே வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தது ஜெர்மனி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ரேடார்கள், தரையில் ஒரு கட்டுப்பாட்டாளர், மேலே ஒரு இரவுப் போர் விமானம். பெர்லின் போய்வரும் பாதைகளில் நெதர்லாந்தும் அதன் ஐசல்மீர் ஏரியும் குறுக்கே கிடந்தன. ஒரு கட்டத்துக்குள் நடந்தது இதுதான்:

1. ஃப்ரெயா என்ற நெடுந்தூர ரேடார், 100 கிலோமீட்டருக்கு அப்பாலேயே விமானம் வருவதைச் சொல்லிவிடும்.

2. அருகே வந்ததும் இரண்டு வூர்ட்ஸ்பர்க் ரேடார்கள் பொறுப்பேற்கும். ஒன்று குண்டுவீச்சு விமானத்தைப் பின்தொடரும், மற்றது ஜெர்மன் விமானத்தை.

3. இரண்டும் ஒரு கண்ணாடி மேசையின் மேல் இரண்டு ஒளிப்புள்ளிகளாக நகரும். கட்டுப்பாட்டாளர் அவற்றைப் பார்த்தபடி, ‘இடப்பக்கம் திரும்பு, மேலே ஏறு’ என்று வானொலியில் தன் விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

4. மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் வந்ததும் ஜெர்மன் விமானத்தின் சொந்த ரேடாரில் இலக்கு தெரியும். பிறகு வெறும் கண்ணுக்கு: எஞ்சின் புகைபோக்கியின் சுடர், அல்லது வானத்தைவிடச் சற்றே கருமையான ஓர் உருவம்.

5. பின்னாலும் கீழாகவும் நெருங்கி இறக்கையைச் சுடுவார்கள். எஞ்சினும் எரிபொருள் தொட்டிகளும் அங்கேதான். கீழ்ப்புறம் பார்க்கப் பெரும்பாலும் ஆளோ துப்பாக்கியோ கிடையாது.

ஒரு கட்டத்தால் ஒரே நேரத்தில் ஒரு விமானத்தைத்தான் கவனிக்க முடியும். அதனால்தான் எல்லா விமானங்களையும் ஒரே தடத்தில் நெருக்கமாக அனுப்பினார்கள். ஒரே கட்டத்தில் நூறு விமானம் புகுந்தால் 99 தப்பலாம். ஆனால் காற்றுக் கணிப்பு பிசகினாலோ எஞ்சின் பழுதானாலோ, கூட்டத்திலிருந்து பிரிந்த விமானம் தனியாக மாட்டும். ஸ்டர்லிங்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: மற்ற இரண்டு ரகங்களின் உயரத்துக்கு அதனால் ஏற முடியாது. 1943 நவம்பரோடு ஜெர்மனிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் நிலைமை இன்னும் மோசமானது. 1943 ஆகஸ்ட் வாக்கில், ஜெர்மன் விமானங்கள் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளோடு வந்தன. இலக்கின் நேர் கீழே பறந்து சுட்டுவிட்டு விலகிவிடும். ஒளிரும் தோட்டாவும் கிடையாது. அடிபட்ட குழு என்ன தாக்கியது என்று அறிவதற்குள் முடிந்துவிடும். இங்கிலாந்தின் ஹை விகாமில் இருந்த குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் 19 வயதில் புள்ளிவிவர ஆய்வு வேலைக்குச் சேர்ந்த ஃப்ரீமன் டைசன், பின்னாளில் பெயர்பெற்ற இயற்பியலாளர், குழுக்களின் அனுபவத்துக்கும் பிழைப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றது கணக்கு. 25 முறை போய் வந்தவர்களும் புதியவர்களைப் போலவே விழுந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் இதோடு சேரும். வானத்தில் திடீரெனப் பெரும் தீப்பந்து வெடிப்பதைக் குழுக்கள் அடிக்கடி பார்த்தன. அது ஜெர்மானியர் மிரட்டுவதற்காக எறியும் பூச்சாண்டிக் குண்டு என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அப்படியொரு குண்டே ஜெர்மனியிடம் இருந்ததில்லை. அவர்கள் கண்டது ஏழு பேரோடு வெடித்த விமானங்களை.

பாராசூட் இருந்ததே, ஏன் தப்பவில்லை?

டைசனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீழ்த்தப்பட்ட அமெரிக்கப் பகல்நேர விமானங்களிலிருந்து பாதிப்பேர் தப்பினார்கள். ஹாலிபாக்ஸிலிருந்து 25 சதவீதம். லங்காஸ்டரிலிருந்து 15 சதவீதம் மட்டுமே.

ஹாலிபாக்ஸின் வெளியேறும் துவாரம் 24 அங்குல அகலம், லங்காஸ்டருடையது 22. கனத்த உடுப்பு, மார்பில் கட்டிய பாராசூட், இருட்டு, சுழன்றபடி விழும் விமானம் — இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு அங்குலம் உயிர்ப் பிரச்சினை. போர் முடியும்வரை அதை மாற்றவில்லை.

பாராசூட் உடம்போடு இருந்தது விமானிக்கு மட்டும். இருக்கைக்குப் பதிலாக அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அதை மாட்டியிருந்த இடத்திலிருந்து எடுத்து மார்பில் கொக்கியிட வேண்டும். வால்புற வீரரின் பாராசூட் அவருடைய கூண்டுக்கு வெளியே தொங்கும். கூண்டு இயங்க மின்சாரமோ எண்ணெய் அழுத்தமோ போயிருந்தால் கதவைத் திறப்பதே பெரும்பாடு. மற்றவர் குதிக்கும்வரை விமானத்தை நேராகப் பிடித்திருக்க வேண்டியவர் விமானி. அதனால் கடைசியாக மிஞ்சுவதும் அவர்தான்.

தந்தி வந்த பிறகு

தளத்தில் கரும்பலகையில் ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே திரும்பிய நேரத்தை எழுதுவார்கள். எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்தும், வேறு எந்தத் தளத்திலும் இறங்கவில்லை என்று தெரிந்தால், குடும்பத்துக்குத் தந்தி போகும். அதன்பின் நடப்பது ஒரு நிர்வாக வரிசை. முதலில் ‘காணவில்லை’. ஜெனீவாவிலிருந்த செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தால், கைதி அல்லது இறந்தவர். ஒன்றும் வராமல் ஏறத்தாழ ஆறு மாதம் போனால், ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’.

இந்த மூன்றாவது நிலையை உறவினர்கள் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஏதோ புதிய ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எண்ணினார்கள். உண்மையில் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. ஓய்வூதியம், சொத்து போன்றவற்றைத் தீர்க்க ஒரு தேதி வேண்டும், அவ்வளவுதான்.

போருக்குப் பின் நடந்த தேடல்

பிரிட்டிஷ் விமானப்படை இதற்கென்றே ஒரு தேடல் பிரிவை அமைத்தது. 1949 வரை அதன் அதிகாரிகள் ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போனார்கள். ஊர்த் தலைவர், பாதிரியார், கல்லறைக் காவலர், விவசாயி என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். பெயர் தெரியாத கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் ஆதாரங்களை எடைபோட்ட விதத்தைப் பார்த்தால், இன்றைய தடுமாற்றங்களும் புரியும்.

1. அடையாள வில்லை. இதைத்தான் முதலில் தேடுவோம். ஆனால் பிரிட்டிஷ் வில்லை உலோகமல்ல, இறுக்கிய நார்ப்பொருள். தீயில் பிழைப்பது அரிது.

2. எண்கள். எஞ்சினுக்கும் துப்பாக்கிக்கும் தொடர் எண் உண்டு. எந்த எஞ்சின் எந்த விமானத்தில் என்பது பதிவேட்டில் இருக்கும். ஓர் எண் சரியாகப் படிக்கக் கிடைத்தால் விமானம் தெரிந்துவிடும்.

3. உடுப்பு. சட்டைக் கழுத்தில் சலவைக் குறி, தோளில் ‘கனடா’ என்ற பட்டை, கையில் பதவிக் கோடு, மார்பில் நேவிகேட்டரா துப்பாக்கி வீரரா என்று காட்டும் எழுத்துச் சின்னம். விமானம் தெரிந்த பிறகு, ஏழு பேரில் இவர் யார் என்பதற்கு இவைதான் துணை.

4. கழித்தல். ஆறு பேரை அறிந்துவிட்டால் ஏழாமவர் தானாகத் தெரிவார். இது வசதியான வழி, ஆபத்தான வழியும்கூட. முதல் ஊகம் தவறானால் ஏழும் தவறு.

பிரிக்கவே முடியாதபோது ஒரே கல்லறையில் சேர்த்து அடக்கம் செய்து, பெயர்க் கற்களை இடைவெளியின்றி ஒட்டி நட்டார்கள். ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் வனக் கல்லறை போன்ற இடங்களில், வரிசைக்கு நடுவே கற்கள் தோளோடு தோளாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

விளைவு எண்களில்: காணாமல் போனதாகப் பதிவான விமானப்படையினர் 41,881 பேர். அவர்களில் 23,881 பேருக்குக் கல்லறை உறுதியானது. 9,281 பேர் கடலில் தொலைந்தவர்களாக முறைப்படி பதிவானார்கள். மீதி 8,719 பேர். வாகனம், தொலைபேசி, சில சமயம் சாலைகூட இல்லாத ஐரோப்பாவில் நடந்த வேலை என்பதை நினைத்தால், இது அசாதாரணமான சாதனை என்றே சொல்வேன். கல்லறை இல்லாதவர்களுக்காக லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் எழுப்பிய நினைவிடத்தை 1953 அக்டோபர் 17 அன்று எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அதில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிகே 716 குழுவின் ஏழு பெயர்களும் அங்கேதான்.

தண்ணீரில் விழுந்தால்

தரையில் விழுந்த விமானத்துக்கு ஊரார் சாட்சி. தண்ணீரில் அதுவும் இல்லை. 1943இல் ஐசல்மீர் இன்றைவிட மிகப் பெரியது. மார்க்கர்மீர் அதிலிருந்து அணையால் பிரிக்கப்பட்டது 1970களில்தான். அல்மேர் நகரம் நிற்கும் நிலமே அன்று ஏரியின் அடி. ஆழம் சில மீட்டர்தான், ஆனால் அடியில் மென்சேறு. வேகமாக விழும் விமானம் அதற்குள் புதைந்துவிடும். பிறகு தண்ணீரை வடித்து நிலமாக்கியபோது, உழும் கலப்பையிலும் வெட்டும் கால்வாயிலும் விமானச் சிதைவுகள் தட்டுப்பட்டன.

பிகே 716 வெளிப்பட்டதும் தற்செயலாகத்தான். 2008இல், எஞ்சின் பழுதான ஒரு படகுக்கு உதவப் போனார்கள் மீட்புப் படகுக்காரர்கள். நங்கூரத்தைத் தூக்கியபோது அதில் ஓர் உலோகத் துண்டு சிக்கி வந்தது. முதலில் இது வேறொரு ஸ்டர்லிங்காக இருக்கும் என்று முடிவானது. பிறகு நடந்த ஆய்வில் கிடைத்த பொருள்களில், பெயரின் முதலெழுத்துகள் பொறித்த சிகரெட் பெட்டி ஒன்று. அந்த எழுத்துகள் பிகே 716 குழுவில் ஒருவருக்குப் பொருந்தின. முதலில் சொல்லப்பட்ட விமானத்தின் குடும்பங்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்பதைச் செய்திகள் அதிகம் பேசவில்லை.

ஒரே குழு இரண்டாகப் பிரிவதும் உண்டு. 1943 ஜூன் 12 இரவு ஜெர்மனியின் போகும் (Bochum) நகரைத் தாக்கப் போன லங்காஸ்டர் ஈடி 603, ஐசல்மீரில் விழுந்தது. நால்வரின் உடல்கள் அப்போதே கரை ஒதுங்கிக் கல்லறை பெற்றன. மற்ற மூவர் விமானத்தோடு அடியில் தங்கினார்கள். 2023 செப்டம்பரில் அதைத் தூக்கும்வரை அவர்கள் ரன்னிமீடில் வெறும் பெயர்கள்.

இப்போது ஏன் எடுக்கிறார்கள்?

நெதர்லாந்தில் விமானச் சிதைவை எடுப்பதா வேண்டாமா என்பது உள்ளாட்சியின் முடிவு. செலவு பெரிது, வெடிக்காத குண்டு இருக்கலாம். அதனால் பல ஊர்கள் தயங்கின. 2019இல் அந்நாட்டு அரசு, காணாமல் போனவர்களின் எச்சங்கள் இருக்கக்கூடிய 30 முதல் 50 சிதைவுகளைத் தேர்ந்து, செலவை ஏற்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் கூடியதற்கு இதுதான் காரணம். தொழில்நுட்பம் திடீரென மேம்பட்டதால் அல்ல.

பிரிட்டனின் வழி வேறு. போரில் இறந்தவரை, தொந்தரவு நேராதவரை, இருக்கும் இடத்திலேயே விடுவது அதன் மரபு. பிரிட்டன் மண்ணில் விழுந்த ராணுவ விமானங்களை அனுமதியின்றித் தொடுவதையே 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேறு நாட்டில் எச்சம் கிடைத்தால், அடையாளம் காண்பதிலும் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்வதிலும் பிரிட்டன் பொறுப்பேற்கும். ஆனால் தேடிப் போகாது.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் மிகையானது. ஒப்பிட உறவினர் வேண்டும். இறந்தவர்களில் பலர் திருமணமாகாத இளைஞர்கள். எனவே அக்கா தங்கையின் பிள்ளைகள், அவர்களில் மகள்களுடைய பிள்ளைகள் எனத் தாய்வழியைத் தேட வேண்டும். எண்பது ஆண்டில் அந்தக் கிளை மூன்று கண்டங்களில் பரவியிருக்கும், அல்லது அற்றுப்போயிருக்கும். சேற்றில் மோதிய விமானத்திலிருந்து கிடைப்பதும் பெரும்பாலும் சிறு எலும்புத் துண்டுகள்.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது மூன்றைப் பிரித்துப் படிக்கலாம். விமானம் அடையாளம் காணப்பட்டது எண்ணாலா, ஊகத்தாலா. எச்சம் கிடைத்தது என்கிறார்களா, இன்னாருடையது என்கிறார்களா. எச்சம் கிடைப்பதற்கும் அது இன்னாருடையது என்று உறுதியாவதற்கும் இடையே பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். மூன்றாவது, குழுவில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே கல்லறை இருக்கிறது. ஈடி 603 செய்தியில் ‘மூவர்’ என்றுதான் எழுத வேண்டும், ‘ஏழு பேர்’ என்றல்ல.